சாமிக்கு வந்த விறகு

1

வெளிநாட்டில் எனக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம் இத்தனை வருடமும் "நம்ம ஊர் வனத்துறை மாதிரி" என்று சொல்லி ஒப்பேற்றி வந்தேன். கேட்டவர்களும் ஜீப், காக்கிச் சட்டை என்று ஏதோ கற்பனை செய்துகொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்கள். இந்த முறை என் தம்பி சேகர் அதைக் கெடுத்துவிட்டான். வேங்கிக்காலில் அவன் வீட்டு மாடியில் குடியிருக்கும் கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கிடம், "எங்க அக்கா கனடாவுல வண்டு புடிக்குது சார்" என்று சொல்லி வைத்திருக்கிறான். அந்த மனிதர் என்னை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வணக்கம் சொல்கிறார்.

தம்பி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வண்டுதான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை சமீபத்தில் போய்விட்டது. வண்டு ஜெயித்துவிட்டது, அதனால் வேலை போய்விட்டது. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. தம்பி மனைவி ரேவதி, நான் தீபம் பார்க்க வந்திருப்பதாக அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எத்தினி நாள் லீவுக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இந்த வாட்டி ஜாஸ்தியாதான் குடுத்துருக்காங்க" என்றேன்.

ஊர் முழுக்கத் தீபக் கூட்டம். ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டுவிட்டார்கள். லாட்ஜில் அறை கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் வாயில் வந்ததுதான் ரேட். இந்தச் சந்தடிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு பூச்சியைப் பற்றி எழுதுகிறேன். கார்த்திகை வந்தால் மற்றவர்களுக்கு அகல்விளக்கு ஞாபகம் வரும். எனக்கு வருவது வேறு ஞாபகம். அதற்குக் காரணம் இருக்கிறது.

2

கனடாவில் நான் இருக்கும் ஊர் ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். தெருவுக்குத் தெரு ஆஷ் என்று ஒரு மரம். நம் பக்கத்தில் அந்த மரம் இல்லை, அதனால் நம் மொழியில் அதற்குப் பெயரும் இல்லை. வேப்பிலையைக் கொஞ்சம் அகலமாக்கினால் அதன் இலை. கோடையில் தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளைகள் நடுவில் வந்து சேர்ந்துகொள்ளும். அதன் கீழே நடந்து போனால் வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதே சில நேரம் மறந்துபோகும்.

ஒரு காலத்தில் அந்தத் தெருக்களில் எல்ம் என்ற வேறு மரங்கள் இருந்தனவாம். அவற்றுக்கு ஒரு நோய் வந்து மொத்தமாகச் செத்தன. பட்டபிறகு வந்த புத்தியோடு நகராட்சி எல்லாத் தெருவிலும் ஆஷ் நட்டது. மறுபடியும் ஒரே மரம். ஒரே பாடத்தில் இரண்டு முறை ஃபெயிலாவது நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

வண்டு ஆசியாவின் கிழக்கிலிருந்து போனது. கப்பலில் சாமான் ஏற்றும் மரப்பெட்டிகளின் பலகைக்குள் புழுவாகப் போயிருக்கும் என்பார்கள். நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம், பளபளக்கும் பச்சை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு பட்டையைத் துளைத்து உள்ளே போய், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வளைந்து வளைந்து தின்னும். மேலே இலைகள் தயாரித்த உணவை மரம் கீழே இறக்குகிற வழி அதுதான். வழி அடைபட்ட மரம் பட்டினியில் சாகும்.

கொடுமை என்னவென்றால், முதல் சில வருடங்கள் ஒன்றுமே தெரியாது. உச்சிக் கிளையில் நாலைந்து புழு இருக்கும், மரம் தாங்கிக்கொள்ளும். அதற்குள் பக்கத்து மரம், அடுத்த தெரு என்று பரவிவிடும். பிறகு ஒரு கோடையில் ஒரு மரத்தின் உச்சி மொட்டையாகும். இன்னும் சில கோடைக்குள் தெருவே மொட்டை. ஜனங்கள் "திடீர்னு வந்துடுச்சு" என்பார்கள். அது வந்து குடும்பம் பெருகி வருடங்கள் ஆகியிருக்கும். கடைசியில் தின்ன மரமில்லாமல் வண்டும் குறைந்துபோகும். குறையுமே தவிர ஒழியாது. பழைய வேரிலிருந்து துளிர்க்கும் கன்று கட்டைவிரல் பருமனைத் தாண்டியதும் அதிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். பயிற்சியில் இதைக் கோடு போட்டுக் காட்டுவார்கள். கோடு வெகுதூரம் தரையோடு படுத்தே போகும், அப்புறம் ஒரேயடியாக ஏறும், மறுபக்கம் சரியும்.

அந்தக் கோடு தரையோடு படுத்திருக்கும் காலத்திலேயே அதைப் பிடிப்பதுதான் நகராட்சியில் என் வேலை. வண்டு வந்த பகுதி, வராத பகுதி என்று வரைபடத்தில் ஒரு எல்லை போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் வராத பக்கம். அந்தப்பக்கத்து ஆஷ் விறகை இந்தப்பக்கம் கொண்டுவந்தால் குற்றம். வண்டு தானாகப் பறந்து எங்கள் ஊருக்கு வரப் பல வருடம் ஆகும். விறகோடு வண்டியில் ஏறி வந்தால் ஒரு மதியம் போதும்.

கோடையில் மரங்களில் பச்சை நிறப் பசைப்பொறிகளைத் தொங்கவிடுவேன். குளிர்காலத்தில் கிளைகளை வெட்டி வந்து, கொட்டகையில் உட்கார்ந்து பட்டையைச் சீவிச் சீவிப் பார்ப்பேன். எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு இதுதான் உத்தியோகம். ஒன்றும் அகப்படாவிட்டால் நல்ல நாள். பல வருடங்கள் எனக்கு எல்லா நாளும் நல்ல நாளாகத்தான் இருந்தன. "இல்லாத ஒண்ணத் தேடறதுக்கு ஒரு சம்பளம்" என்று என் கணவர் ஏழுமலை கேலி செய்வார். அந்த இல்லாமையைக் காப்பாற்றி வைத்திருப்பதில் எனக்கு இருந்த கர்வத்தை அவரிடம் சொன்னதில்லை. அந்நிய ஊரில் எனக்கென்று இருந்த ஒரே கர்வம் அது.

3

ஏழுமலைக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்ட குடும்பம். கனடாவில் மரம் வெட்டும் கம்பெனி ஒன்றில் லாரி ஓட்டுகிறார். எல்லைக்கு அந்தப்பக்கத்து ஊர்களில் வண்டு கொன்ற மரங்களை வெட்டி அகற்றுவதுதான் அந்தக் கம்பெனிக்கு முக்கிய வருமானம். ஆக, ஒரே வண்டு எங்கள் இருவருக்கும் சோறு போட்டது. வந்த இடத்தில் அவருக்கு, வராத இடத்தில் எனக்கு.

அவர் கெட்டவர் இல்லை. நல்ல விறகு வீணாவதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். வெட்டிய மரங்கள் கம்பெனி யார்டில் மலையாகக் குவிந்து கிடக்கும். "எங்க ஊரா இருந்தா ஒரு குச்சி மிஞ்சுமா? சும்மா குடுத்தா கூட எடுக்க ஆளில்ல" என்று வீட்டில் வந்து புலம்புவார்.

அந்த ஏரிக்கரை ஊரில் எங்கள் கோயில், பழைய பர்னிச்சர் கிடங்கு ஒன்றை வாங்கி உண்டாக்கியது. ஒரு வருடம் நிர்வாகக் குழு, கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவது என்று முடிவு செய்தது. இங்கே கிராமத்துக் கோயில் வாசல்களில் பனைமரத் துண்டை நட்டு, ஓலையைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு மேல் எரிய விடுவார்களே, அது. அந்தக் குளிர் தேசத்தில் பனைக்கு எங்கே போவது? "வெறகு என் பொறுப்பு" என்று ஏழுமலை கையைத் தூக்கிவிட்டார். நான் அந்த வாரம் கிளை வெட்டும் வேலையாக வடக்கே போயிருந்தேன். என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தீயணைப்புத் துறை பெரிய நெருப்புக்கு அனுமதி தரவில்லை. ஒரு இரும்பு டிரம்முக்குள் எரித்துக்கொள்ளலாம், அதையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வோம் என்று ஒரு வெள்ளைக்கார இளைஞனை அனுப்பியிருந்தார்கள். குருக்கள் கற்பூரத்தைக் காட்ட, டிரம்மில் நெருப்பு பிடித்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் டிரம்முக்குப் பின்னால் சுவரோடு அடுக்கியிருந்த கட்டைகளைப் பார்த்தேன். ஒரு லாரி நிறைய ஆஷ்.

கார் சாவியால் ஒரு கட்டையின் பட்டையை நெம்பினேன். அப்பளம் மாதிரிக் கழன்று வந்தது. உள்ளே முழுக்க வளைந்து வளைந்து ஓடிய தடங்கள். இத்தனை வருடமாக நான் எங்கள் ஊரில் பார்க்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த தடங்கள்.

"எங்கேர்ந்துங்க வந்துச்சு இது?"

"யார்டுலேர்ந்து. ஏன்?"

"யார்டு எல்லைக்கு அந்தாண்ட இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"எரிக்கத்தானே கலா போறோம்? கட்டை எரிஞ்சா பூச்சியும் சேந்து எரிஞ்சிடுது. உனக்கு நல்லதுதானே பண்ணியிருக்கேன்?"

முழுவதும் எரிந்திருந்தால் அவர் சொன்னது சரியாகத்தான் போயிருக்கும். ஆனால் காற்று கிளம்பியது. பொறி பறந்தது. அந்த இளைஞன் கையைக் காட்டி நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டான். டிரம்முக்குள் போனது ஒரு மூலைக் கட்டைகள்தான். மற்றதெல்லாம் சுவரோடு அப்படியே நின்றது.

"மீதிய நாளைக்கே திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றேன்.

"சாமிக்குன்னு எறக்கனத எப்பிடி திருப்பி ஏத்தறது? அறிவோடதான் பேசறியா?" என்று ஏழுமலை சீறினார். கோயில் செயலாளரும் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்த கார்த்திகைக்கு ஆவும்மா. மேல ஒரு தார்ப்பாய் போட்டு வெச்சிடலாம். நமக்குத்தான் செலவு கம்மி" என்றார்.

ஏழுமலையின் கிராமத்தில் அது வழக்கம்தான். கோயிலுக்கென்று இறக்கிய விறகில் மிச்சத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். அங்கே அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. கோயிலிலேயே அடுப்பு இருக்கும், வாரா வாரம் பொங்கல் வைப்பார்கள், மிச்சம் தானாகக் கரையும். எங்கள் கோயிலில் இருப்பது கேஸ் அடுப்பு. விமானத்தில் வழக்கத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தோம், அடுப்பை விட்டுவிட்டு வந்தோம்.

4

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கெஞ்சினேன். உங்கள் கம்பெனியில் கட்டையைத் தூளாக்கும் மெஷின் இருக்கிறதே, ஒரு நாள் கொண்டுவந்து அரைத்துவிடுங்கள் என்றேன். "சாமி வெறக மெஷின்ல போட்டு அரைக்கச் சொல்ற. நல்லாருப்பியா நீ?" என்றார் ஏழுமலை. நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கே போய், கோடை வருவதற்குள் அந்தக் கட்டைகளை ஒழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கினேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, அந்தப் பூச்சி ஆசியாவுலேர்ந்து வந்ததுதானே? நாமளும் அங்கேர்ந்து வந்து பொழைக்கறவங்கதானே? அதுவும் ஒரு ஓரமா பொழச்சிட்டுப் போவட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தார்.

ஆபீசில் சொன்னேன். என் மேலதிகாரி நல்ல பெண்மணி. பதறிப்போய் உடனே விசாரித்தார். நகராட்சியின் அதிகாரம் தெருவோர மரங்களுக்கு மட்டும், கோயில் வளாகம் தனியார் சொத்து. மாகாணத்துக்கு வனம்தான் பொறுப்பு, விறகு வனம் ஆகாது. எல்லை தாண்டிய விறகு ஒன்றிய அரசின் சமாச்சாரம், அவர்களுக்குக் கணினியில் புகார் தர வேண்டும். விறகு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு கூடாரம் போடும் திடல், மரவாடி, நாற்றங்கால், வீடு என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். கோயில் இல்லை. "மற்றவை" என்பதை அழுத்தினேன். நன்றி, உங்கள் புகார் வரிசையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பனி உருகியது. ஃபோன் செய்தேன். என் உச்சரிப்பு புரியாமல் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னார்கள். கடைசியில், வரிசையில் இருக்கிறது என்றார்கள்.

வெயில் வர ஆரம்பித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பெயர் அருணாசலம். இந்த மலையின் பெயர். பள்ளியில் எல்லாரும் ஆரன் என்பார்கள், அவனும் அதற்குத்தான் திரும்புவான். அப்போது சின்னப் பையன். நானும் அவனுமாக இன்னும் இரண்டு தார்ப்பாய் வாங்கி, கட்டைகளைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம். அவன் பூச்சி உள்ளேயே செத்துவிடும் இல்லையா என்று கேட்டான். செத்துவிடும் என்றேன். தார்ப்பாயெல்லாம் அதற்கு எம்மாத்திரம்?

கோடை முடிந்து, இலை மஞ்சளாகும்போது அதிகாரி ஒருவர் வந்தார். தார்ப்பாயைப் பிரித்தார். கட்டைகளெங்கும் பாதி நிலா வடிவத்தில் ஓட்டைகள். சில கட்டைகளைப் பிளந்து பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். சில வாரங்களில் அறிக்கை வந்தது. உயிருள்ள பூச்சி எதுவும் காணப்படவில்லை, எனவே மேல் நடவடிக்கை தேவையில்லை. ஒரு சொல் பொய் கிடையாது. அத்தனையும் பறந்துபோன பிறகு உள்ளே என்ன இருக்கும்?

அதிகாரி வந்துபோன பயத்தில் கோயிலில் சொக்கப்பனையையே நிறுத்திவிட்டார்கள். புகார் கொடுத்தது யார் என்றும் அங்கே தெரிந்துவிட்டது. வெள்ளைக்காரனிடம் சாமியைக் காட்டிக் கொடுத்தவள் என்று பேர் வந்தது. அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது என் பக்கத்தில் உட்காரும் பெண்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். சொந்த ஊரை விட்டுப் போன நாளில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

5

முந்தாநாள் தேரடித் தெருவில் பத்மாவதியைப் பார்த்தேன். இங்கே கல்லூரியில் என்னோடு படித்தவள். கிராமத்து நயினார் வீட்டுப் பெண், தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிற சமணக் குடும்பம். இப்போது பள்ளி ஆசிரியை. வேங்கிக்காலுக்கு அழைத்து வந்தேன். சமண வழக்கப்படி அவள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்பதால் ரேவதி அவசரமாகத் தோசை வார்த்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, இதுவரை எழுதிய கதை முழுவதையும் பத்மாவதியிடம் கொட்டிவிட்டேன்.

அவள் வீட்டில் விறகை அடுப்பில் வைக்கும் முன் தரையில் ஒரு தட்டு தட்டுவார்கள். எறும்போ பூச்சியோ இருந்தால் இறங்கி ஓடட்டும் என்று. படிக்கிற காலத்தில் நாங்கள் அதைச் சொல்லி அவளை ஓட்டியிருக்கிறோம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்டது இதுதான். "அந்த டிரம்முல போட்டீங்களே, அந்தக் கட்டைலயும் புழு இருந்துச்சா?"

"இருந்துருக்கும்."

"தெரிஞ்சேவா கொளுத்துனாங்க?"

"பத்மா, மொத்தமும் எரிஞ்சிருந்தா ஒரு ஊரு மரம் பொழச்சிருக்கும். நான் எரியலியேன்னு அழறேன்."

"அது சரிதான். நான் வேற கேக்கறேன். சாமி காரியத்துக்குன்னு வெறகு எடுக்கறாங்க. ஒருத்தருக்கு கூடவா அத்த ஒரு தட்டு தட்டிப் பாக்கணும்னு தோணல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புழுவுக்கும் இரக்கம், மரத்துக்கும் இரக்கம் என்பதெல்லாம் சொந்த ஊரில் சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாய்க்கிற வசதி என்று சொல்லிவிட்டேன். அவள் தோசையைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ரேவதியிடம் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவள் போனபிறகும் அவள் கேட்டது மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. தட்டியிருந்தால் பட்டை உதிர்ந்திருக்கும், உள்ளே இருந்தது எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும்.

6

விறகிலிருந்து வண்டுகள் பறந்துபோன கோடைக்குப் பிறகு சில வருடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பொறிகள் காலியாக இருந்தன. கிளைகள் சுத்தமாக இருந்தன. கோயிலில் எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டினார்கள். "எங்க உன் வண்டு?" என்று ஏழுமலை சாப்பிடும்போது கேட்பார். எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது. கோடு தரையோடு படுத்திருக்கும் காலம் அது என்று நன்றாகத் தெரிந்தவள்தான், இருந்தும் நம்பினேன்.

முதல் வண்டு கோயில் தெருப் பொறியில்தான் விழுந்தது. பசையில் ஒட்டிக்கொண்டு இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது. ஏணி மேலேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த கோடையில் உச்சிகள் வெளுத்தன. அதற்கடுத்த கோடையில் நடைபாதையில் நிழல் பொத்தல் பொத்தலாக விழுந்தது. மரங்கொத்திகள் வந்து பட்டையைப் பிய்த்தன. ஒரு சில மரங்களுக்கு மட்டும் மருந்து ஊசி போட்டார்கள், அதுவும் நகர மன்றத்தைச் சுற்றி.

தெருக்காரர்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன், ஏழுமலையும் வந்திருந்தார். மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பதிவில் உயிருள்ள பூச்சி இல்லை என்று இருக்கிறது, அதற்கு மாறாக நீங்கள் எதுவும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு கிழவர் எழுந்து, இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டார். சொல்ல முடியாது, யாராவது காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போனவர்கள் விறகு கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள். முதலில் எங்கிருந்து வந்தது என்றார் கிழவர். ஆசியாவிலிருந்து என்றார்கள். நாலைந்து தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. அடுத்த நொடி மரியாதையாகத் திரும்பிக்கொண்டன. ஏழுமலை குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகன் எங்களோடு உட்காரவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்தான். வெட்டப்போகும் மரங்களுக்கெல்லாம் ரிப்பன் கட்டுவது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆங்கிலத்தில் கேட்டான். "ஏன் சொல்லவில்லை? உங்கள் ஆட்கள் செய்ததுதானே இது?"

உங்கள் ஆட்கள் என்றான். சாப்பாட்டுப் பெயர்களைத் தவிரத் தமிழில் அவனுக்கு அதிகம் மிச்சமில்லை என்று தெரியும். அதற்காக வருத்தப்பட்டு, வகுப்புக்கு அனுப்பி, அலுத்து, விட்டாயிற்று. ஆனால் அவன் எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "நான் புகார் குடுத்தேன்டா. அதுக்காக என்னை ஒதுக்கி வெச்சாங்க" என்றேன். அவன் தோளைக் குலுக்கினான். கோயிலுக்கு வருவதை அதோடு நிறுத்திவிட்டான். சில மாதங்களில் கல்லூரி, வேறு நகரம்.

7

மரங்களை வெட்டும் ஒப்பந்தம் ஏழுமலையின் கம்பெனிக்குக் கிடைத்தது. நான் பொறி கட்டிய மரங்களை என் வீட்டுக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். சில நாட்களில் தெரு முடிந்துவிட்டது. வானம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கோயில் பக்கத்துப் புல்தரையில் இருந்த மரங்களும் போனதால், அந்த இடத்துக்குத் தார் போட்டு கார் நிறுத்துமிடமாக்க அனுமதி வாங்கினார்கள். செயலாளர் என்னைத் தேடி வந்து பேசினார், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. "எல்லாம் நல்லதுக்குத்தாம்மா. பார்க்கிங் இல்லாம எவ்ளோ பேஜார் பட்டோம். அவன் கணக்கு நமக்குப் புரியறதில்ல" என்றார்.

வரைபடத்தில் எல்லையைத் தள்ளிப் போட்டார்கள். எங்கள் ஊர் வண்டு வந்த பக்கம் ஆகிவிட்டது. வந்த இடத்தில் வந்திருக்கிறதா என்று தேட ஆள் எதற்கு? என் பணிக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று முடிவு செய்தேன். சாயங்காலம் ரோட்டோரம் நடந்துகொண்டே சொன்னேன். சேகர் கேட்டுக்கொண்டே வந்தான். வேலை போனது என்றதும் "அய்யய்யோ" என்றான். பிறகு நின்று, ரோட்டைக் காட்டினான்.

"அக்கா, நாம படிக்கறப்ப இங்க ரெண்டு பக்கமும் புளிய மரம் இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"ரோட்டை அகலப்படுத்தறப்ப மொத்தத்தையும் வெட்டிட்டாங்க. உனக்கு போட்டோ அனுப்பனேன். நீ ஒரு கட்டைவிரல் போட்ட. அவ்ளோதான்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அந்தப் போட்டோ ஞாபகமே இல்லை. அங்கே நான் அவர்களுடைய மரத்துக்கு அழுதேன், அவர்கள் என்னைப் பூச்சி வந்த ஊர்க்காரியாகப் பார்த்தார்கள். இங்கே என் மரங்கள் போனபோது நான் ஊரில் இல்லை. எந்த மரத்தின் கீழும் எனக்கு இடம் இல்லாமல் போய்விட்டது என்று தோன்றியது. நாங்கள் வீட்டுக்கு நடந்தோம்.

8

இன்று காலை ஏழுமலை வீடியோவில் கூப்பிட்டார். இங்கே ரேவதி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் இருந்து மலைக்குப் போகும் கூட்டத்தின் சத்தம் கேட்டது. அவர் கோயிலில் நின்றிருந்தார்.

"கலா, ஆபீஸ் விஷயமா ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"எனக்கேதுங்க ஆபீஸ்?"

"இல்ல, உனக்குத்தானே ரூல்ஸ் எல்லாம் தெரியும். செயலாளர் கேக்கச் சொன்னாரு. ரொம்ப வருஷமா நிறுத்தி வெச்சிருந்தோமே, இந்த வாட்டி சொக்கப்பனை வெக்கலாம்னு இருக்காங்க. வெறகு வெளியேர்ந்து கொண்டார வேணாம். நம்ம தெருவுல வெட்டனதே கெடக்குது."

ஃபோனைத் திருப்பிக் காட்டினார். புதுத் தார்த் தரையின் ஓரமாகக் கட்டைகளை அழகாக அடுக்கியிருந்தார்கள். பட்டையில்லாத இடங்களில் தடங்கள் தெரிந்தன. சில கட்டைகளில் நான் பொறி கட்டிய கயிற்றின் தழும்பும் இருந்திருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

"இத்த எரிக்கலாமா? சட்டப்படி ஒண்ணும் வந்துடாதே?"

யோசிப்பதற்கு எதுவும் இல்லை. "ஒண்ணும் வராதுங்க. எல்லை நம்ம ஊரத் தாண்டிப் போயிடுச்சு. நம்ம ஊருக்குள்ள எங்க வேணா எடுத்துட்டுப் போலாம்" என்றேன்.

"மிச்சமாச்சுன்னா?"

"அடுக்கி வெச்சிக்கலாம்."

"தார்ப்பாய் போடணுமா?"

"வேணாம்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. பக்கத்தில் யாரிடமோ கையை ஆட்டி, ஆகட்டும் என்று சைகை காட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, குரலில் கொஞ்சம்கூடக் கோபமில்லாமல், பழையதை எல்லாம் மன்னித்துவிட்டவர் மாதிரிச் சொன்னார்:

"ஒண்ணும் வராதுன்னு நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம் கலா."